பத்மினியின் இடது பக்கம்

என் தங்கை நிர்மலா எதையெல்லாம் ஜெயித்தாள் என்று யாராவது கேட்டால் வரிசையாகச் சொல்வேன். ஐ.டி.ஐ.யில் வெல்டர் பிரிவு கேட்டவளைத் தையல் பிரிவுக்குப் போகச் சொன்னார்கள், போகவில்லை. அந்த வருஷம் வெல்டர் வகுப்பில் அவள் ஒருத்திதான் பெண். சிப்காட்டில் வண்டி ஃபிரேம் செய்யும் ஒரு கம்பெனியில் பெருக்கவும் துடைக்கவும் வைத்தார்கள். அங்கேயே வெல்டிங் டார்ச்சைக் கையில் வாங்கினாள். முன்கையில் சுடு இரும்பு விழுந்து தோல் உரிந்தபோது இனி வீட்டில் இரு என்றார் அப்பா. புண் ஆறியதும் முழுக்கைச் சட்டை தைத்துக் கொடு என்று என்னிடம் வந்து நின்றாள். வெல்டிங் வேலை பார்க்கிற பெண் வேண்டாம் என்று இரண்டு மாப்பிள்ளை வீட்டார் எழுந்து போனார்கள். அதை எப்படி ஜெயித்ததில் சேர்ப்பாய் என்று கேட்பார்கள். அவர்கள் போன சாயங்காலம், வந்தவர்களுக்கு வைத்த கேசரியில் மீதியை முழுக்கச் சாப்பிட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்கினாள். அதனால் சேர்க்கிறேன்.

கடைசியாக, ஓசூர் பாகலூர் ரோட்டில் ஷெட் பிடித்தது. அந்த வரிசை முழுக்க நசுங்கின வண்டியை நிமிர்த்துகிற டிங்கர் ஷெட்டும் பெயிண்டிங் ஷெட்டும்தான். பெண்ணுக்கு வாடகைக்கு விடுவதா என்று இழுத்த இடத்துக்காரர், ஆறு மாதம் பார்க்கலாம் என்று சாவியைக் கொடுத்தார்.

என் பெயர் ருக்மணி. அவளுக்கு ஏழு வயது மூத்தவள். எட்டாவது வரை படித்தேன். கார் சீட்டுக்கு உறை தைக்கிறேன். என் தையல் மெஷின் அவள் ஷெட்டின் மூலையில் கிடக்கிறது. ஆகவே இங்கே எழுதுவதெல்லாம் நான் கண்ணால் பார்த்தது.

ஷெட்டுக்கு வேலை வராமல் இல்லை. நசுங்கிய பம்பர் வந்தது, தக்காளி ஏற்றும் வண்டிக் கதவு வந்தது, சுவரில் தேய்த்த ஸ்கூட்டர் வந்தது. முழு வண்டி மட்டும் வரவில்லை. முழு வண்டியைப் பிரித்துச் சேர்த்து வெளியே ஓட்டி அனுப்பினால்தான் அந்த வரிசையில் ஒருவரை டிங்கர் என்று சொல்வார்கள். அதுவரை அவள் "கதவு ஒட்டற பொண்ணு". ஆறு மாதம் முடிவதற்குள் அந்தப் பெயர் மாறவில்லை என்றால் சாவியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு மறுபடி கம்பெனி பஸ் ஏற வேண்டியதுதான்.

அப்படி இருக்கும்போதுதான் டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு வெள்ளை பத்மினி ஒன்று வந்தது. எண்பதாம் வருஷத்து வண்டி. உடையவர் முனிவேல், தளிப் பக்கம் ரோஜாத் தோட்டம் வைத்திருப்பவர். அதற்கு முன் கிருஷ்ணகிரிப் பக்கம் கிரானைட் பாலிஷ் போடும் தொழிற்சாலையில் பல வருஷம் வேலை பார்த்தவர். வரும் கார்த்திகையில் அவருக்கும் அவர் மனைவி சாந்தம்மாவுக்கும் அறுபதாம் கல்யாணம். அந்த வண்டியை அவரே ஓட்டி, பக்கத்தில் மனைவியை உட்கார வைத்துக்கொண்டு, மலை இறங்கி ஓசூர் கோயிலுக்கு வர வேண்டும் என்று ஆசை.

"நாலு ஷெட்டுல கேட்டேன் பாப்பா. பழைய வண்டி, பார்ட்ஸ் கெடைக்காதுன்னு தள்ளி விட்டுட்டாங்க. நீ செய்வியா?"

"செய்யறேண்ணா."

"யோசிச்சு சொல்லு."

"யோசிச்சா நானும் தள்ளி விட்டுருவேன். செய்யறேன்."

அவர் சிரித்துவிட்டார். பிறகு வண்டியைச் சுற்றி வந்து, இடது பக்கக் கதவுகளுக்குக் கீழே தடவிக் காட்டினார். "இந்தப் பக்கம் மட்டும் தொடாத. துரு புடிச்சு ஓட்டை ஓட்டையா இருந்துச்சு. நானும் கூட வேலை பாத்த நல்லுசாமியும் சேர்ந்து சரி பண்ணோம். பதினஞ்சு வருசம் ஆச்சு, ஒரு கீறல் இல்ல பாரு."

அவர் சொன்னது உண்மைதான். வண்டி முழுக்கக் கொப்புளம் கிளம்பி, பெயிண்ட் உரிந்து கிடந்தது. அந்த இடம் மட்டும் கண்ணாடி போல வழவழவென்று இருந்தது.

கதவுகளை எல்லாம் கழற்றினாள். வலது பக்கத்தில் ஆரம்பித்துப் பழைய பெயிண்டைக் கிரைண்டரால் தேய்த்தாள். கிரைண்டர் படும் இடமெல்லாம் தீப்பொறி பறந்தது. அப்புறம் முன்பக்கம், பின்பக்கம். இடது பக்கப் பின் சக்கரத்துக்கு மேலே தேய்த்துக்கொண்டு வந்தவள், கதவுக்குக் கீழே ஓர் ஓரம் லேசாகப் பட்டதும் கிரைண்டரை நிறுத்திவிட்டாள். சத்தம் மாறியதை நானும் கேட்டேன்.

"அக்கா, இங்க வாயேன்."

போய்ப் பார்த்தேன். மறுபடி ஒரு நொடி கிரைண்டரை வைத்து எடுத்தாள். தீப்பொறி வரவில்லை. வெள்ளைத் தூள் பறந்தது. கல் அறுக்கிற இடத்தைக் கடந்து பஸ்ஸில் போகும்போது மூக்கில் ஏறுமே, அந்த வாசனை.

விரல் முட்டியால் முன்னாலிருந்து பின்னால் வரை தட்டிக்கொண்டே போனாள். வலது பக்கம் தகர டப்பா மாதிரி சத்தம் வந்தது. இடது பக்கம் தரையைத் தட்டினது போல இருந்தது.

எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாள். லாரிக்கு அடியில் இருப்பது போல இந்தக் காருக்குத் தனிச் சட்டம் கிடையாது. கதவுகளுக்குக் கீழே முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை ஓடும் இரும்புப் பெட்டிகள் இரண்டுதான் வண்டியின் முதுகெலும்பு. வலது பெட்டி இருக்கிறது. இடது பெட்டி இருந்த இடத்தில் கல் இருக்கிறது.

"கல்லா?"

"கல்லு மாவும் ரெசின் பசையும். கிரானைட் பலகையில விரிசல் விட்டா அதைத்தான் குழைச்சு அடைச்சுப் பாலிஷ் போடுவாங்க. அதையே இங்க செஞ்சிருக்காங்க." சொல்லிவிட்டு அந்த இடத்தை மறுபடி தடவிப் பார்த்தாள். "என்னா சுத்தமா செஞ்சிருக்காங்க பாருக்கா. இத்தன நாள்ல இந்த மாதிரி ஒரு வழவழப்ப நான் பள்ளத்துக்குப் பூசற பட்டியில கொண்டு வந்தது இல்ல."

பக்கத்து ஷெட் பிரகாஷ் எட்டிப் பார்த்தான். பெயிண்ட் அடிப்பதில் கெட்டிக்காரன். குனிந்து பார்த்துவிட்டு ஒரே வார்த்தையில் முடித்தான். "மூடிரு."

"எப்பிடி மூடறது?"

"அந்தாளுதான் தொடாதன்னு சொல்லிட்டாருல்ல? மேல ரெண்டு கோட்டு பட்டி, நான் வந்து பெயிண்ட் அடிச்சுத் தர்றேன். கல்யாணத்துக்கு ஒரு தடவ ஓட்டுவாரு, அப்பறம் கொட்டாயில நிப்பாட்டிருவாரு. நீ உண்மைய சொன்னா வண்டிய எடுத்துட்டுப் போயிருவாரு. இதே வரிசையில இன்னொருத்தன் அதே பட்டிய போட்டுப் பேரு வாங்கிட்டுப் போவான். இது உனக்கு மொத வண்டிடி."

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. நிர்மலா கிரைண்டரைக் கீழே வைத்தாள். முனிவேலுக்குப் போன் போட்டாள். "அண்ணா, ஒருக்கா வந்து பாக்கணும். நல்லுசாமி அண்ணனையும் கூட்டிட்டு வாங்க."

மறுநாள் இருவரும் வந்தார்கள். நல்லுசாமி சேலத்துக்காரர், ஒல்லியான உடம்பு, கல்தூள் தின்ற தொண்டையிலிருந்து கரகரவென்று குரல். வண்டியில் தேய்த்த இடத்தைப் பார்த்ததும் முனிவேலின் முகம் மாறிவிட்டது.

"தொடாதன்னு சொன்னேனா இல்லியா?"

"சொன்னீங்கண்ணா. ஓரம் பட்டுருச்சு. பட்டதுக்கப்பறம் பாக்காத மாதிரி இருக்க முடியல."

"என்ன கொற கண்டுட்ட? பதினஞ்சு வருசமா நிக்குது."

"நிக்கறதுல கொற இல்லீங்கண்ணா. ஓட்டுனாத்தான் தெரியும்."

"மழை, வெயிலு எல்லாம் பாத்துருச்சும்மா" என்றார் நல்லுசாமி. "நாங்க அடைச்ச எடத்துல ஒரு சொட்டு தண்ணி எறங்காது."

"அதுதாண்ணா விசயம். பெட்டிக்கு அடியில வரிசையா சின்னச் சின்ன ஓட்டை இருந்துச்சில்ல?"

"ஆமா, இருந்துச்சு. எல்லாத்தையும் அடைச்சோம். ஓட்டைய அடைக்கறது தப்பா?"

"அது துரு போட்ட ஓட்டை இல்லீங்க. கம்பெனியே வெச்சது. மேல கதவுச் சந்துல எறங்கற தண்ணி அது வழியாத்தான் கீழ போகும். அடைச்சதுனால உள்ளயே நின்னுருச்சு. கல்லு அப்பிடியே இருக்கு, சுத்தியிருந்த இரும்பைத் தண்ணி தின்னுருச்சு."

முனிவேல் துண்டை உதறித் தோளில் போட்டார். "நான் வேற ஷெட்டுல பாத்துக்கறேன் பாப்பா. டிராக்டர வரச் சொல்றேன்."

பிரகாஷ் வாசலில் நின்று என்னைப் பார்த்தான். நான் ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். நூல் காதுக்குள் போகவே மாட்டேன் என்றது.

நிர்மலா தடுக்கவில்லை. "சரிங்கண்ணா. போறதுக்கு முன்ன ஒண்ணே ஒண்ணு நீங்களே செஞ்சு பாருங்க" என்று கழற்றிய முன் கதவுகள் இரண்டையும் மாட்டினாள். வலது பக்கம் முன் மூலையில் ஜாக்கி வைத்துத் தூக்கினாள். "கதவைத் தெறங்க." திறந்தார். "மூடுங்க." மூடினார். டக்கென்று மூடியது. ஜாக்கியை இறக்கி இடது மூலையில் வைத்துத் தூக்கினாள். "இப்ப இந்தக் கதவு."

முனிவேல் பிடியை இழுத்தார். அசையவில்லை. காலை ஊன்றி இழுத்தார். கதவின் மேல் மூலை, இரண்டு கதவுக்கும் நடுவில் நிற்கும் தூணோடு கவ்விக்கொண்டிருந்தது. ஜாக்கியை இறக்கினாள், கதவு தானாகவே விட்டுக்கொடுத்தது. மறுபடி தூக்கினாள், மறுபடி கவ்வியது. ஒரு கார் நடுவில் மடிவதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மூச்சு வாங்குவது போல மெதுவாக மடிந்து நிமிர்ந்தது.

நல்லுசாமி கீழே உட்கார்ந்து, தரையில் கன்னம் பட வண்டிக்கு அடியில் பார்த்தார். அப்புறம் எழுந்து, "டேய் முனிவேலு. அடி வெடிப்புடா" என்றார்.

பெரிய கல் பலகையில் மேலே ஒரு கோடு கூடத் தெரியாமல் அடியில் மட்டும் விரிசல் ஓடியிருக்குமாம். தூக்கும்வரை முழுசாக இருக்கும். தூக்கினால் இரண்டாகப் போய் ஆள் மேல் விழும். அவர்கள் தொழிற்சாலையில் எல்லாரும் பயப்படுவது அதற்குத்தானாம். முனிவேல் ஜாக்கியையும் கதவையும் மாறி மாறிப் பார்த்தார்.

"மலை எறங்கறப்ப என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாமலும் போகலாம். வளைவுல ஒரு பள்ளத்துல விழுந்தா, சாந்தம்மாக்கா உக்காந்துருக்கற பக்கம் கதவு தெறக்காது. அதுக்கு மேல நான் சொல்ல விரும்பல."

"அப்ப நாம பண்ணது அம்புட்டும் வீணா?" என்று நல்லுசாமி யாரையும் பார்க்காமல் கேட்டார்.

"சும்னிரப்பா" என்று முனிவேல் கன்னடத்தில் அவரை அடக்கினார். பிறகு நிர்மலாவிடம் கேட்டார். "கல்யாணத்துக்குள்ள ஆகுமா?"

"ஆகாதுங்கண்ணா."

இந்த வார்த்தைக்கு நான் பயந்தேன். ஆகும் என்று சொல்லியிருந்தால் அவர் மனம் இளகியிருந்த நேரத்தில் வண்டி நின்றிருக்கும். அவள் சொல்லவில்லை. அவர் வண்டியின் மேல் கை வைத்துத் தடவினார். பிறகு சட்டைக் கையை மடித்து விட்டார்.

"வெச்சது நாங்க. எடுக்கறதும் நாங்களே எடுக்கறோம். உளி இருக்கா?"

வெட்டுவதற்கு முன் வண்டி வளையாமல் இருக்க, கதவு வாசலின் குறுக்கே கம்பிகள் வைத்துப் பற்ற வைத்தாள். அதன் பிறகு அந்த இரண்டு பேரும் உட்கார்ந்தார்கள். உளி வைக்கும் இடத்தை நல்லுசாமி விரலால் தடவிப் பார்ப்பார், முனிவேல் ஒரே அடி அடிப்பார், கல் அவர்கள் சொன்ன பக்கமாகவே விட்டுக்கொடுக்கும். இரும்பில் ஓர் அடி கூடப் படவில்லை. நிர்மலா டீயைக் கையில் வைத்துக்கொண்டு குடிக்க மறந்து பார்த்தாள். முழங்கை நீளத்துக்கு ஒரு துண்டு முழுசாக வந்தது. நல்லுசாமி அதைத் துண்டால் துடைத்து முகத்துக்கு நேரே பிடித்தார்.

"மூஞ்சி தெரியுதுடா இன்னும்."

"எடுத்துட்டுப் போயி ஊட்டுல மாட்டி வெச்சுக்கோ. செலவு பண்ணதுக்கு அதாவது மிச்சம்."

"உன் அறுபதாங் கல்யாணத்துக்கு இதான் என் மொய்யி."

கல் எடுக்க எடுக்க உள்ளே இருந்த நிலைமை தெரிந்தது. இரும்பு என்று சொல்ல ஒன்றும் இல்லை. கை வைத்தால் பழுப்பு இலை போல உதிர்ந்தது. முன்னாலிருந்து பின்னால் வரை அப்படித்தான். நடுத் தூணுக்கு அடியில் வந்தபோதுதான் உளி நின்றது. "இங்க என்னமோ இருக்கு" என்றார் முனிவேல்.

நிர்மலா படுத்துக்கொண்டு உள்ளே நுழைந்தாள். கம்பித் தூரிகையால் தேய்க்கும் சத்தம் கேட்டது. அப்புறம் அதுவும் நின்றது.

"என்னடி?" என்றேன்.

"டார்ச் லைட்ட குடு. நீயும் வா."

நானும் படுத்துப் பார்த்தேன். சுற்றிலும் துரு. நடுவில் ஒரு சாண் நீளத்துக்குத் திடமான இரும்பு, தூணோடும் தரையோடும் சேர்த்துப் பற்ற வைத்தது. கேஸ் வெல்டிங் என்றாள் நிர்மலா. முனிவேல் பெங்களூரில் இந்த வண்டியை வாங்குவதற்கு முன்பே, யாரோ, எப்போதோ செய்தது. எனக்கு வெல்டிங் தெரியாது, தையல் தெரியும். அந்த வரியில் ஒவ்வோர் அலையும் முந்தின அலையின் மேல் ஒரே அளவு ஏறி உட்கார்ந்திருந்தது. வளைவில் கூட நெருங்கவும் இல்லை, விலகவும் இல்லை. நான் மெஷினில் கூட அப்படி ஒரு வளைவைத் தைத்ததில்லை. நிர்மலா கண்ணாடித் துண்டு ஒன்றை உள்ளே விட்டு அதன் பின்பக்கத்தைக் காட்டினாள். முன்பக்கம் எப்படியோ அப்படியே பின்பக்கமும் இருந்தது.

"பின்னாடி யாரு பாப்பாங்கன்னு இப்பிடி செஞ்சிருக்காரு?" என்று கேட்டேன்.

"தெரியலக்கா." லைட்டைச் சுற்றிலும் அடித்துக் காட்டினாள். "சுத்தி எல்லாம் போயிருச்சு. இந்த ஒரு சாண் இரும்புதான் இத்தன வருசமா வண்டியப் புடிச்சிருக்கு. இது விட்டிருந்தா எப்பவோ ரோட்டுல ஒடிஞ்சிருக்கும்."

இரண்டு பெரியவர்களும் முறை வைத்துப் படுத்துப் பார்த்தார்கள். சாந்தம்மாவையும் பிள்ளைகளையும் ஏற்றிக்கொண்டு தர்மபுரி வரைக்கும், சேலம் வரைக்கும் போய் வந்ததையெல்லாம் முனிவேல் ஒவ்வொன்றாகச் சொன்னார்; சொல்லச் சொல்ல அவர் குரல் இறங்கிக்கொண்டே வந்தது. நல்லுசாமி எழுந்ததும் ஷெட்டுக்கு வெளியே போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து மறுபடி படுத்துப் பார்த்தார். யாரும் கேலி செய்யவில்லை. பிரகாஷும் பார்த்தான். பார்த்துவிட்டு, அந்த வரிசையில் இருந்த ஒவ்வொரு ஷெட்டாகப் போய்ச் சொல்லிவிட்டான் போல. சாயங்காலம் வரைக்கும் ஆட்கள் வந்தபடி இருந்தார்கள். வந்தவர்கள் குனிந்து பார்த்தார்கள், கிரீஸ் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். "யாரு போட்டது?" என்று எல்லாரும் கேட்டார்கள். யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஒரு சாணை அவள் வெட்டவில்லை. அதை நடுவில் வைத்து, இரண்டு பக்கமும் புது இரும்பு மடித்துச் சேர்த்தாள். அவசரப்படவில்லை. ஓர் இடத்தில் தன் வரி அந்தப் பழைய வரியோடு சேர வேண்டும். அந்த இடத்தைப் பற்ற வைத்தாள், பார்த்தாள், தேய்த்து எடுத்தாள், மறுபடி பற்ற வைத்தாள். எத்தனை முறை என்று நான் பார்க்கவில்லை. கடைசியில் என்னைக் கூப்பிட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவி எது எங்கே முடிகிறது என்று சொல்லச் சொன்னாள். முன்பக்கம் என்னால் சொல்ல முடியவில்லை. பின்பக்கம் சொல்லிவிட்டேன். மறுபடி தேய்த்து எடுத்தாள்.

கல்யாணம் அன்று முனிவேலும் சாந்தம்மாவும் மகனுடைய காரில்தான் கோயிலுக்கு வந்தார்கள். அங்கிருந்து மாலையும் கழுத்துமாக நேரே ஷெட்டுக்கு வந்து இறங்கினார்கள். அன்றைக்குத்தான் பெட்டியின் வெளித் தகட்டை வைத்து மூட வேண்டும். மூடுவதற்கு முன் கூப்பிடு என்று முனிவேல் சொல்லியிருந்தார். சாந்தம்மா பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே கை விட்டுத் தடவினார்.

"இந்த இரும்பு மேலயா நான் உக்காந்து போனேன்?"

"இது மேலதாங்கக்கா."

"செஞ்சவரு பேரு கூடத் தெரியாம போச்சே."

நிர்மலா தகட்டைத் தூக்கப் போனவள் நின்றாள். திரும்பிப் போய் முகமூடியைப் போட்டுக்கொண்டு வெல்டிங் டார்ச்சை எடுத்தாள். எங்களைக் கண்ணைத் திருப்பிக்கொள்ளச் சொன்னாள். சுவரில் நீல வெளிச்சம் விட்டு விட்டு அடித்தது. அணைந்ததும் பார்த்தோம். தான் வைத்த புது இரும்பின் உள்முகத்தில், இரும்பை உருக்கி, எழுத்து எழுத்தாகத் தன் பெயரை எழுதியிருந்தாள். அடியில் தேதி.

"உள்ள எழுதுனா யாரும்மா படிப்பாங்க?" என்றார் நல்லுசாமி. "வெளிய எழுதியிருந்தா நாலு பேரு பாத்து இன்னொரு வண்டியாவது வரும்."

"அடுத்து இதைத் தெறக்கறவங்க படிப்பாங்கண்ணா. நல்லா செஞ்சிருந்தா யாருன்னு தெரியணும். தப்பா செஞ்சிருந்தாலும் யாருன்னு தெரியணும்."

"ஐயோ, அப்ப எங்க பேர அந்தக் கல்லுல எழுதாம உட்டது நல்லதாப் போச்சு" என்று நல்லுசாமி சொல்ல, சாந்தம்மா சிரித்த சிரிப்பில் மாலையிலிருந்து பூ உதிர்ந்தது.

தகட்டை வைத்து மூடினாள். அடியில் தண்ணீர் போகும் ஓட்டைகள் ஒவ்வொன்றிலும் கம்பியை விட்டுப் பார்த்தாள். ஜாக்கியை இடது மூலையில் வைத்துத் தூக்கி, கதவைத் திறக்கும்படி முனிவேலிடம் சொன்னாள். அவர் மனைவியைத் திறக்கச் சொன்னார். சாந்தம்மா ஒரே விரலால் திறந்தார், ஒரே விரலால் மூடினார். வாசலில் நின்ற பிரகாஷ், "டிங்கரே, என்கிட்ட ஒரு முழு அம்பாசிடர் நிக்குது, வந்து பாக்கறியா?" என்றான். அவன் அப்படிக் கூப்பிட்டதை நிர்மலா காதில் வாங்காதவள் போல ஜாக்கியை இறக்கிக்கொண்டிருந்தாள். நான் வாங்கிக்கொண்டேன்.

கம்பெனியில் அவள் பற்ற வைத்த ஃபிரேம்கள் எத்தனையோ ஆயிரம் இந்த நாட்டு ரோடுகளில் ஓடுகின்றன. அவற்றில் வெல்டர் நம்பர் மட்டும்தான் குத்தியிருக்கும். சம்பளத்துக்கும் பேங்கிலும் அவள் போட்ட கையெழுத்துகளை நான் கணக்கில் எடுக்கவில்லை. தான் செய்த வேலையின் மேல் என் தங்கை முதன்முதலாகத் தன் பெயரை எழுதியது 2024 நவம்பர் 18, திங்கட்கிழமை.